வெள்ளை வளையம் போட்ட தட்டான்

ஒரு ஊர்ல ஒரு தபாலாபீஸ் அம்மா இருந்தாங்க. பேரு செண்பகவல்லி. கடலோர ஊரு, பாதி தண்ணி, மீதி சேறு. முழங்கால் உசரத்துக்கு உப்புச்செடி, அதுக்கு மேல ஒண்ணுமே கிடையாது. ம் சொல்லு.

அங்க ஒருநாள் விர்ர்ருனு ஒரு தட்டான் போச்சு. ஊசித்தட்டான் இல்ல. ஒக்காரும்போது ரெக்கைய மூடினா ஊசித்தட்டான், விரிச்சே வச்சிருந்தா தட்டான். இது தெரியாம தூங்கக் கூடாது. இதுக்கு வால் நுனியில ஒரு வெள்ளை வளையம். அந்தக் கரையில யாரும் பார்க்காதது.

அப்புறம் அந்தம்மா, தட்டான் பட்டியல் எழுதுறவங்களுக்குக் கடுதாசி போட்டாங்க. ஒருத்தர் பார்த்தா போதாது, மூணு வருஷத்துக்குள்ள போட்டோ வேணும், இல்லேன்னா பட்டியல்லேர்ந்து அடிச்சிருவோம்னு பதில் வந்துச்சு.

மொத வருஷம் மழை விட்டதும், கேமராவும் ஓலைத்தொப்பியுமா போய் நின்னாங்க. தூரத்துல நண்டு பிடிக்கிற வேம்பு 'அக்கா'ன்னு கூப்பிட்டா. உஷ்ஷுனு வாயில விரல் வச்சாங்க. சத்தம் கேட்டா தட்டான் ஓடிருமாம். தட்டானுக்குக் காதே கிடையாது. பேசப் பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம். தட்டான் வரல.

ரெண்டாவது வருஷம், எது உசரமோ அதுமேலதான் தட்டான் ஒக்காரும்னு நோட்டுல எழுதி, இடுப்பளவு குச்சி நட்டாங்க. அசையாம ஒத்தையா நின்னாங்க. தயிர்சாதத்தையும் நின்னுக்கிட்டே தின்னாங்க. ம்? அப்பவும் வரல.

மூணாவது வருஷம், தபாலாபீஸுக்குப் போட்ட லீவு முடிய ரெண்டே நாள். வேம்பு பக்கத்துல வந்தா. அந்தம்மா விரலத் தூக்கல, ஓஞ்சு போயிட்டாங்க. அப்போ வேம்பு மெதுவா சொன்னா:

"அக்கா, அசையாதீங்க. தொப்பி மேல ஒக்காந்திருக்கு."

"எது?"

"வெள்ளை வளையம் போட்டது. போன வருஷமும் ஒக்காந்திருந்துச்சே. நீங்க வளக்குறீங்கன்னு நெனச்சேன்."

"ஏன்டி சொல்லல?"

"நீங்கதான் உஷ்ஷுன்னீங்க."

அந்தச் சேத்துலயே உசரமான குச்சி அந்தம்மாதான். எல்லாத்தையும் அளந்தவங்க, தன்னை அளக்கல.

வேம்பு கையச் சேலையில துடைச்சுட்டு, அவங்க கழுத்துல தொங்குன கேமராவ வாங்கினா. டிக். அந்தம்மா நிமிர்ந்தாங்க. விர்ர்ர். போயிருச்சு. வாலக்கூட பார்க்கல.

போட்டோ பட்டியலுக்குப் போச்சு. பார்த்தவர்னு கேட்ட எடத்துல வேம்பு பேர மொதல்ல எழுதி, கீழ தன் பேர எழுதினாங்க. இப்போ ரெண்டு பேர். அடிக்க முடியாது.

மறுநாள் தொப்பி வேம்பு தலைக்குப் போச்சு. அவ நிக்கிறா, அந்தம்மா எதிர்ல நின்னு பார்க்குறாங்க. மூணு வருஷத்துப் பேச்சையும் சேத்துப் பேசுறாங்க.

வந்துச்சான்னா கேக்குற? இன்னும் வரல. நீயும் அசையாம படு, தலகாணி மேல வந்து ஒக்காந்தாலும் ஒக்காரும். கதை கரையேறிருச்சு.

ம்?

தூங்கியாச்சு.