மூட்டைக்குக் காவல்

"இந்தாங்க அக்கா, சாவி. எனக்கு ரூம் ஒத்துவரல. பிளாட்பாரத்துக்கே போறேன்."

தணிகாசலம் சாவியைத் தரையில் வைத்துவிட்டு நின்றார். தோளில் மூட்டை.

ஜெபமணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ரூம்ல என்ன குறைச்சல்ண்ணே?"

"ரூம்ல ஒண்ணும் குறைச்சல் இல்ல. எனக்குத்தான் கொடுத்து வெக்கல."

ராயபுரத்தில் அந்தப் பழைய மாடிக் கட்டிடத்துக்குச் சாவி வீடு என்று பெயர். பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, வேலை விசாரிக்க, மனசு சரியில்லாத நாளில் பக்கத்தில் உட்கார ஜெபமணி இருந்தாள். வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் ஒரு காலத்தில் பிளாட்பாரத்தில் கிடந்தவள்தான். அவளிடம் யாரும் கதை விட முடியாது.

"விவரமா சொல்லுங்க."

"வேலை இல்லாம ரூம்ல சும்மா கெடக்கக் கூச்சமா இருக்குக்கா. காதர் பாய் மெஸ்ல வேலை தர்றேன்றாரு. அண்டா தேய்க்கற வேலை. ஆனா மூட்டையோட உள்ள வராதேன்றாரு."

"சரியாத்தான் சொல்றாரு. சோத்துக்குப் பக்கத்துல மூட்டைக்கு என்ன வேலை? ரூம்ல வெச்சுட்டுப் போங்க."

"எப்படிக்கா வெச்சுட்டுப் போறது?"

குரலில் நிஜமாகவே பயம். சிரிக்க ஒன்றுமில்லை. பிளாட்பாரத்தில் மூட்டையைவிட்டு நகர்ந்தால் மூட்டை காணாமல் போகும். கடைக்காரன் ஷட்டரைத் தூக்குவதற்குள் பாயைச் சுருட்டி, கயிற்றால் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அறைக்கு வந்த பிறகும் தணிகாசலம் தினமும் காலையில் அதையேதான் செய்தார். இங்கே எந்த ஷட்டரை யார் தூக்கப் போகிறார்களாம்! சொன்னால் மனுஷன் கேட்டால்தானே.

மூட்டைக்குள் ஒரு போர்வை, ஒரு தட்டு, செத்துப்போன பெண்சாதியின் புடவை ஒன்று. வேறு சொத்து இல்லை.

"பூட்டு இருக்கே, அண்ணே?"

"பூட்டு என்னக்கா பூட்டு. அது இரும்புத் துண்டு. மனுஷன் கண்ணு மாதிரி ஆகுமா?"

ஜெபமணி கீரையை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு மூட்டை. பழைய சேலையில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

"போறதுன்னா நாளைக்குப் போங்க. சாவி அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கொஞ்சம் வெளிய போறேன். வர்ற வரைக்கும் இதப் பார்த்துக்குங்க."

மாடிக்கு ஏறி, அவர் அறையின் நடுவில் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தணிகாசலத்தால் மறுக்க முடியவில்லை. பிளாட்பாரத்துச் சட்டம் அப்படி. நம்பிக் கொடுத்த மூட்டையை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. வைத்த இடத்தைவிட்டு அசைக்கவும் கூடாது. திரும்பி வருகிற ஆள் அந்த இடத்தில்தானே தேடும்? குடிகாரன்கூட இதை மீற மாட்டான்.

உட்கார்ந்து காவல் காத்தார்.

உச்சி வெயிலில் தெருவிலிருந்து குரல் வந்தது. காதர் பாய்.

"யோவ் தணிகாசலம்! வர்றியா, இல்லியா? அண்டா எல்லாம் அப்படியே கெடக்கு. இப்ப வந்தா வேலை உனக்கு. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

"தோ வர்றேன் பாய்!"

வாய் முந்திக்கொண்டது. மனுஷனுக்கு வேலை மேல் அவ்வளவு ஆசை.

சொன்ன பிறகுதான் அறையைப் பார்த்தார். ரெண்டு மூட்டை. அவருடையதைத் தூக்கலாம். அக்காவுடையதைத் தூக்கக் கூடாது. பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால் பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

வேறு வழியில்லை. அக்கா மூட்டையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார். தன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

"என்னுத நம்பி வெக்க முடியாத எடத்துல, அடுத்தவங்களுத வெச்சுட்டுப் போறேனே. இது துரோகம் இல்லையா?"

தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

திரும்ப ஏறினார். கதவைத் திறந்தார். அந்த மூட்டைக்குப் பக்கத்தில் தன் மூட்டையையும் வைத்தார். பூட்டிக்கொண்டு இறங்கி ஓடினார். வழியெல்லாம் கை தானாகத் தோளைத் தடவிக்கொண்டே வந்தது.

சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகளோடு திரும்பினார். உடம்பில் மெஸ்ஸில் கொடுத்த சட்டை, தொப்பலாக நனைந்திருந்தது. வாசற்படியில் ஜெபமணி உட்கார்ந்திருந்தாள்.

"மூட்டையப் பார்த்துக்குங்கன்னா, ஆளையே காணோம்?"

"அதுக்கென்னக்கா? மேல பத்திரமா இருக்கு."

"யாரு காவல்?"

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

ரெண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். மூட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஜெபமணி தன்னுடையதை அங்கேயே அவிழ்த்தாள். உள்ளே கசக்கிய பழைய பேப்பர். அவ்வளவுதான்.

"அடப்பாவி அக்கா! இதுக்கா நான் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு அண்டா தேய்ச்சேன்?"

"உங்களுதுல என்ன இருக்குன்னு நான் கேட்டனா?"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலையில் ஜெபமணி வந்து கதவைத் தட்டினாள்.

"என்னண்ணே, இன்னைக்குப் போறதுன்னுதானே பேச்சு. சாவியக் குடுங்க."

தணிகாசலம் கதவை அகலத் திறந்தார். மூட்டை கட்டுகிற கயிறு ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணி வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. அதில் மெஸ் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாயம்போன ஒரு புடவை.

"எப்படிக்கா குடுக்கறது? துணி காயுதே!"