கத்திரி வெயிலில் ஒரு பிடி கீரை

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. வேலூர் வெயில் வயசு பார்த்து அடிப்பதில்லை.

குருவின் பெயர் ஷம்ஷாத். பின்தெருவில், தன் மொட்டை மாடியில், மண்ணே இல்லாமல் குழாயில் ஓடும் சத்துத் தண்ணீரில் காய்கறி வளர்ப்பவள். ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

சிஷ்யை கிளாரா. ஐந்து நிமிடம் எதற்கும் காத்திருந்து பழக்கமில்லாதவள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அதை இரண்டு தடவை அதட்டிவிடுவாள்.

கிளாராவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு நிழல்வலைக் கூடாரம். உள்ளே நான்கு வரிசைக் குழாய், துளைக்கு ஒரு செடி. வெளியே சுவரோரம் இருநூறு லிட்டர் நீல டிரம். அதிலிருந்து மோட்டார் ஏற்றும் தண்ணீர் வேர்களை நனைத்துக்கொண்டே ஓடி, திரும்ப டிரம்முக்கு வந்துவிடும். பிப்ரவரியில் எல்லாம் ஜோராக இருந்தது. ஏப்ரலில் இரண்டு தடவை நட்டாள். இரண்டு தடவையும் செடிகள் படுத்துவிட்டன.

அந்தச் சேதி பெங்களூரில் இருக்கும் நாத்தனார் கொர்னேலியாவுக்கு எப்படியோ போய்விட்டது. பாதி வீடு அவள் பெயரில்.

“கத்திரி முடியற அன்னிக்கு வர்றேன் கிளாரா,” என்றாள் போனில். “உன் தோட்டத்துல இருந்து ஒரு பிடி கீரை சமைச்சுப் போடு, கூடாரம் இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா அந்த இடத்துல என் காருக்கு ஷெட். வேலூர் வெயில்ல கான்கிரீட்தான் வளரும்.”

“பார்க்கலாம் அண்ணி,” என்றாள் கிளாரா. கான்வென்ட்டில் கற்ற மரியாதை அவ்வளவுக்குத்தான் தாங்கியது.

கத்திரி தொடங்கிய அன்றே ஒரு மேஸ்திரி வந்து நின்றார். கூடாரத்தை ஒட்டி நாலடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார்.

“இது முதல் தூணுக்கு. மத்த மூணையும் அப்புறமா வெட்டிக்கலாம்னு பெங்களூர் அம்மா சொன்னாங்க.”

கிளாரா குழியை எட்டிப் பார்த்தாள். தனக்கே அளவெடுத்து வெட்டியதுபோல் இருந்தது. உடனே ஷம்ஷாத்துக்குப் போன் போட்டாள்.

ஷம்ஷாத் வந்தபோது மதியம் இரண்டு மணி. கிளாரா அவளை மூச்சு விட விடவில்லை.

“ஒரு வலை போதலைன்னு மூணு வலை கட்டிட்டேன். ரெண்டு ஃபேன் வெச்சேன். பனி மாதிரி தண்ணி தெளிக்கிற குழாயும் மாட்டியாச்சு. இதுக்கு மேல ஏசிதான் போடணும். ராத்திரி பகலா தண்ணியிலயே நிக்குதுங்க, அப்புறம் ஏன்டி வாடிச் சாகுது?”

ஷம்ஷாத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தாகமா இருக்குக்கா. தண்ணி கொடுங்க.”

கிளாரா சமையலறைப் பக்கம் திரும்பினாள். அங்கே மண்பானையில் வெட்டிவேர் போட்டு வைத்திருந்தாள்.

“உள்ள எதுக்குப் போறீங்க? இதோ குழாய் இருக்கே.”

“மொட்டை மாடித் தொட்டித் தண்ணியையா? இந்நேரத்துக்கு அதுல தூள் போட்டா டீயே ஆயிடும். வீடு தேடி வந்தவளுக்கு அதைக் கொடுத்தா, எங்க மதர் சுப்பீரியர் சொர்க்கத்திலிருந்து இறங்கி வந்து என்னை முட்டி போட வைப்பாங்க.”

“யாருக்குமே கொடுக்க மாட்டீங்களா?”

“எதிரிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன்.”

ஷம்ஷாத் கூடாரத்துக்குள் போய் ஒரு செடியைத் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தாள். சேமியா மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய வேர், பழுப்பாகக் கொழகொழத்துத் தொங்கியது. அதைக் கிளாராவின் உள்ளங்கையில் வைத்தாள்.

கிளாரா வேரைப் பார்த்தாள். சுவரோரம் முழு வெயிலில் நின்ற நீல டிரம்மைப் பார்த்தாள். போய் அதற்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தாள்.

உள்ளே போய்ப் பானைத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஷம்ஷாத் நிதானமாகக் குடித்தாள். செருப்பைக் கழற்றினாள். மேஸ்திரி வெட்டிய குழிக்குள் இறங்கி நின்றாள்.

“வாங்கக்கா.”

“அதுக்குள்ளயா? என்னைத் தூக்கிட்டு வந்து போடுற அன்னிக்குத்தான்...”

ஷம்ஷாத் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். கிளாரா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முனகியபடியே இறங்கினாள். பாதம் மண்ணில் பட்டது. முனகல் நின்றது.

நாலடி ஆழத்துக்கு மே மாதம் இன்னும் வந்து சேரவில்லை.

“ஏய் ஷம்ஷாத்,” என்றாள். “டிரம் இதுக்குள்ள அடங்குமா?”

ஷம்ஷாத் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே டிரம் குழிக்குள் இறங்கியது. சுற்றிலும் நனைத்த கோணிச் சாக்கு, மேலே கீற்று. தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விட மீன் தொட்டி மோட்டார் ஒன்று. மூன்று வலைகளில் இரண்டைக் கிளாராவே அவிழ்த்தாள். குழாய்களைத் தேய்த்துக் கழுவிப் புது விதை போட்டாள்.

முளைத்தது. வேர் விட்டிருக்கிறதா என்று கிளாரா தினமும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஷம்ஷாத் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். பக்கத்து வீட்டு முருங்கைகூட இலையைச் சுருட்டிக்கொண்ட வெயிலில், கூடாரத்துக்குள் கீரை தழைத்தது. வேர்கள் வெள்ளை வெளேரென்று நீண்டன.

கத்திரி முடிந்த அன்று கொர்னேலியா வந்து இறங்கினாள். கூடவே அதே மேஸ்திரி, கையில் அளவு டேப்போடு.

“அளக்கறது அப்புறம். முதல்ல சாப்பிடுங்க அண்ணி,” என்றாள் கிளாரா.

கீரை மசியல். கீரைப் பொரியல். கீரை வடை. அடுத்த தெருவுக்குக் கொடுத்தனுப்பக் கட்டுக் கட்டாக இன்னும் ஒரு கூடைக் கீரை. கொர்னேலியா மசியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். கிளாரா கரண்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் பரிமாறினாள்.

கை கழுவிய பிறகு, சாப்பாட்டுக்கு வந்திருந்த ஷம்ஷாத்தோடு எல்லோரும் பின்பக்கம் போனார்கள். மேஸ்திரி கூடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இதைப் பிரிக்கணும்னா வேற ஆளைப் பாருங்கம்மா.”

கொர்னேலியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?”

“இவதான் அண்ணி. என் குரு.” அந்த வார்த்தையை இத்தனை நாளும் கிண்டலாகத்தான் சொல்லி வந்தாள் கிளாரா. அன்று கிண்டல் இல்லை.

கொர்னேலியா ஷம்ஷாத்தை மேலும் கீழும் பார்த்தாள். “இந்தச் சின்னப் பொண்ணா? ஏம்மா, இவ்வளவு வெயிலை என்ன பண்ணினே நீ?”

ஷம்ஷாத் வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டாள். குனிந்து கீற்றை விலக்கினாள். கோணிச் சாக்கை ஒதுக்கினாள். குழிக்குள் டிரம் ஜில்லென்று உட்கார்ந்திருந்தது.

“வெயிலை நாங்க ஒண்ணும் பண்ணலீங்கம்மா,” என்றாள். “குழி நீங்க வெட்டிக் கொடுத்ததுதான்.”