பெரியவர் கிளை

காட்டோடை ஓரத்து நாவல் மரத்தில் கருவாயன் என்றொரு கிழக்குரங்கு குடியிருந்தார். குடியிருந்தார் என்றால் சும்மா இல்லை, உட்கார்ந்தே இருந்தார்! விடிந்ததும் உட்காருவார். தின்றுவிட்டு உட்காருவார். உட்கார்ந்து அலுத்துப்போனால் கொஞ்சம் படுத்துவிட்டு மறுபடி உட்காருவார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. அந்தக் கூட்டத்தின் வழக்கம் அப்படி. வயதான ஆண் குரங்குக்கு மரத்தின் அகலமான அடிக்கிளையைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெரியவர் கிளை என்று பெயர். பெரியவர் எழுந்து தானே ஒரு பழம் பறித்துவிட்டால் போச்சு, பெற்ற பிள்ளைகளின் மானம் கப்பலேறிவிடும். அப்பனுக்குக் கஞ்சி ஊற்றாத பயல்கள் என்று காடே பேசும். அதனால் மூத்த மகன் துடியன் பழத்தைக் கொண்டுவந்து அப்பா வாயிலேயே ஊட்டினான்.

பெண்டாட்டி செவந்திக்கும் அதே வயதுதான். அவளுக்குக் கிளையும் கிடையாது, கவனிப்பும் கிடையாது. பேரக்குட்டிகளின் பின்னால் ஏறி இறங்கியே அவள் பொழுது போனது. அநியாயம்தான். ஆனால் கால் என்னவோ அவளுக்குத்தான் நன்றாக இருந்தது!

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை பார்த்துக்கொண்டிருந்தது. கிழவர் இன்னும் கொஞ்சம் கொழுக்கட்டும், கால் இன்னும் கொஞ்சம் மரத்துப்போகட்டும் என்று காத்திருந்தது. ஒருநாள் தூர நின்று துடியனைக் கூப்பிட்டது.

"தம்பி, எத்தனையோ காடு சுத்தியிருக்கேன். உன்னை மாதிரி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. அப்பாவை இப்படியே வெச்சுக்கோ. ஒரு அடி நகரவிடாதே!"

துடியனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் அப்பா சோம்பல் முறித்தால்கூட ஓடிவந்து, தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

சிறுத்தை சொன்னது செவந்தியின் காதுக்கும் வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையல்லவா இது! உடனே கிழவரைப் பக்கத்துக் கிளைக்குத் தாவச் சொல்லிப் பார்த்தாள். அவர் எழுந்தார். முட்டி நடுங்கியது, கை வழுக்கியது. பொத்தென்று பழைய இடத்திலேயே விழுந்தார். சிறுத்தை வந்தால் இவர் தப்பமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகையே வந்துவிட்டது.

எடுத்துச் சொன்னால் கேட்பாரா? எல்லாம் எனக்குத் தெரியும் என்பார். மகனோ மானம் என்பான். அவள் வாதாடவில்லை. மேல்கிளையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இந்தாங்க, பேன் கடிக்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

பேன் பார்க்கக் கூப்பிட்டு வராத குரங்கு உலகத்தில் உண்டா? இரண்டு தடவை சறுக்கி, முனகிக்கொண்டே ஏறினார். இரண்டு பேன் எடுப்பதற்குள் இங்கே வெயில் என்று அவள் அடுத்த கிளைக்குப் போனாள். அங்கே எறும்பு என்று அதற்கடுத்த கிளைக்குப் போனாள். அவர் இறங்கி உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் மறுபடி கூப்பிட்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை! காடே சிரிக்கிறது என்று துடியன் சண்டைக்கு வந்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்குப் பேன் கடிக்கிறது என்று அவனை அனுப்பிவிட்டாள்.

இரண்டு மாதம் போனது. ஒரு மத்தியானம் சிறுத்தை பாய்ந்தது. கூட்டம் கத்திக்கொண்டு சிதறியது. துடியன் ஓடையைத் தாண்டியே போய்விட்டான், அப்பா ஞாபகமே வரவில்லை. பாவம், உயிர்ப்பயம் யாரை விட்டது?

கருவாயன் எழுந்தார். ஒரு கிளை, இரண்டு கிளை, மூன்று கிளை தாவி உச்சிக்கொம்பைப் பிடித்துவிட்டார்! துரத்திக்கொண்டு ஏறிய சிறுத்தை பாதி வழியில் ஒரு மெல்லிய கொம்பில் காலை வைத்தது. கொம்பு முறிந்தது. ஓடைச் சேற்றில் விழுந்த சிறுத்தை நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போனது.

சாயங்காலம் துடியன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, அப்பா வாயருகே ஒரு பழத்தை நீட்டினான். கிழவர் அவன் கையை மெதுவாக விலக்கினார்.

"உன் பாசம் பொய்யில்லடா. ஆனா இன்னைக்கு நான் பிழைச்சது உன் பழத்தால இல்ல, என் காலால. இனிமே என்னை உக்காரவெச்சு அழகு பார்க்காதே."

சொல்லிவிட்டுத் தானே ஏறிப்போய் ஒரு பழத்தைப் பறித்துத் தின்றார். துடியன் தடுக்கவில்லை.

முதியவர்களை உட்காரவைத்துக் கும்பிடுவதல்ல, எழுந்து நடமாட விடுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.