அழுத்தாத விரல்

வெள்ளத்துரையின் மெல்லிசைக் குழுவில் கோமதிநாயகம் லீட் கிடார் வாசித்தார். கோயில் கொடை விழா, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு என்று திருநெல்வேலி வட்டாரத்தில் அவர் ஏறாத மேடை கிடையாது. ஆள் தங்கமான மனுஷன். வாசிப்பும் நல்ல வாசிப்புதான். இடது கைச் சுண்டு விரல் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது.

கிடார்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. இடது கையின் நாலு விரலும் கம்பி மேல் தனித்தனியாக நடமாட வேண்டும். இவருக்கோ சுண்டு விரலை இறக்கினால் மோதிர விரலும் கூடவே இறங்கிவிடும். மோதிர விரலைத் தூக்கினால் நடுவிரலும் எழுந்துகொள்ளும். மெதுவான பாட்டு என்றால் எப்படியோ சமாளித்துவிடுவார். வேகமான கிடார் பிட் வந்தால் போச்சு, விரல்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

ஏரல் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் அப்படித்தான் ஆயிற்று. எல்லோருக்கும் தெரிந்த ஜோடிப் பாட்டு. பல்லவி முடிந்ததும் ஒரு கிடார் பிட் வரும். மண்டபமே அதை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தது. முனகியவர்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாசித்தவர்தான் பாதி வழியில் தடுக்கி நின்றார். கல்யாணப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

மேடையை விட்டு இறங்கியதும் வெள்ளத்துரை அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"புதுக் கீபோர்டுல கிடார் சத்தமும் வருது கோமதி. ஆடிக் கொடையில அந்தப் பிட்டை வாசி, பாப்போம். அன்னைக்கும் இப்படித்தான்னா கீபோர்டுலயே வாசிச்சுக்கிடுவோம். லீட் கிடாருக்குன்னு தனியா ஒரு ஆளு நமக்குக் கட்டுப்படியாகாது."

கோமதிநாயகம் தலையை ஆட்டினார். முதலாளி சொன்னதில் தப்பு இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தப்பு இல்லை. மீசை முளைக்கும் முன்பே கிடாரைத் தூக்கியவர். வேறு ஒரு வேலை தெரியாது. இனிமேல் போய்க் கற்றுக்கொள்ளும் வயதும் இல்லை.

அதன்பிறகு அந்த விரலைப் படுத்தாத பாடு படுத்தினார். ரப்பர் பந்தை வாங்கிவந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அமுக்கினார். ஸ்பிரிங் வைத்த ஒரு சாமானை அமுக்கினார். கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்திரி வாங்கி, மற்ற மூன்று விரலையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டு, சுண்டு விரலை மட்டும் விடாமல் ஆட்டினார். அது வீங்கிப்போய், சட்டைப் பட்டன் போடவும் முடியாமல் ஆனதுதான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் சென்னைக்கு ரயில் ஏறினார். அங்கே பெரிய கிடார் வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் இவர் கையைப் பார்த்தார். பிறகு, உங்கள் குழு வாசித்த வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கோமதிநாயகம் போனை நீட்டினார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அடியில ரிதம் கிடார் வாசிக்கிறது யாரு?"

"அதுங்களா. பிலோமினான்னு எங்க ஊருப் பொம்பளப்பிள்ள. சும்மா கூட வாசிக்கும்."

பெரியவர் கண்ணைத் திறந்து போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஊருக்குப் போங்க. அவங்ககிட்ட கத்துக்கோங்க."

போன ரயில் செலவுக்கு இது என்ன பதில் என்று கோமதிநாயகத்துக்கு எரிச்சல் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. வராமல் எப்படி இருக்கும். எத்தனையோ வருஷமாக அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவள். 'ஏ பிள்ள, ஒயரு காலுக்குள்ள கிடக்கு, கொஞ்சம் தள்ளி உக்காரு' என்பதற்கு மேல் அவளிடம் அவர் பேசியதே இல்லை. பேசினால்தானே, அவளுக்கும் ஏறக்குறைய தன் வயதுதான் என்பது தெரியும்.

பிலோமினாவுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கிடார் பையோடு போய் நின்றார். வந்த காரியத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். அவள் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு கட்டுன கட்டு அண்ணாச்சி?"

நான்தான் என்றார். இந்த மூன்று பயல்களும் சின்னவனை வேலை செய்ய விடமாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் கட்டிப்போட்டேன் என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். கத்தரிக்கோலை எடுத்து பிளாஸ்திரியைப் பதமாக வெட்டி எடுத்தாள். வீக்கம் வற்றும்வரை கிடாரைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஆடி நெருங்குகிறதே என்று அவர் மன்றாடினார். அவள் அசையவில்லை.

வீக்கம் வற்றிய பிறகு பாடம் ஆரம்பித்தது. நாலு விரலையும் வரிசையாக ஒரே கம்பி மேல் வைக்கச் சொன்னாள். கறுப்படித்து வீணான ஜெராக்ஸ் தாளிலிருந்து மெல்லிசாக மூன்று துண்டு நறுக்கினாள். ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று மூன்று விரலுக்கும் கீழே, கம்பிக்கும் பலகைக்கும் நடுவில், ஒவ்வொரு துண்டாகச் செருகினாள். இப்போது சுண்டு விரலை மட்டும் அழுத்துங்கள் என்றாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். அவள் முதல் துண்டைப் பிடித்து இழுத்தாள். காகிதம் கிழிந்து பாதிதான் கையோடு வந்தது.

"சுண்டு விரலுக்குத் தெம்பு பத்தலை," என்றார் அவர்.

"கிழிஞ்ச காகிதம் எந்த விரலுக்குக் கீழ இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். ஆள்காட்டி விரல் நகம் வெளுத்துப்போகிற அளவுக்குக் கம்பியை நெரித்துக்கொண்டு நின்றது. அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. யாரும் அதைக் கூப்பிடவும் இல்லை.

அன்றிலிருந்து மத்தியானமெல்லாம் ஜெராக்ஸ் கடையில்தான் கழிந்தது. ஆதார் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆள் வந்தால் அவள் எழுந்து போவாள். இவர் மூலையில் உட்கார்ந்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருப்பார். தரையெல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும். மிஷின்தான் தாளைக் கடித்துத் துப்புகிறது என்று நினைத்து, தன் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார் ஒரு அம்மா. பிலோமினா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு பொறுமை கிடைக்க யாருக்குமே கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் மூன்று காகிதமும் கிழியாமல் முழுசாக வந்தன. கோமதிநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. பிட்டை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தார். பழையபடி பாதியில் தடுக்கியது.

என்ன நடந்தது என்று அவருக்கே இப்போது தெரிந்தது. அழுத்தக் கூடாது என்கிற பயத்தில் மூன்று விரலையும் கம்பியை விட்டு அந்தரத்தில் தூக்கிவைத்திருந்தார். ஒவ்வொன்றின் முறை வரும்போதும் அது அவ்வளவு தூரத்திலிருந்து இறங்கி வர வேண்டியிருந்தது. வந்து சேருவதற்குள் தாளம் போய்விட்டது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுத்துனா காகிதம் கிழியுது. தூக்குனா தாளம் போவுது. பின்ன வேலை இல்லாத விரலு என்னதான் செய்யணும், டீச்சர்?"

டீச்சர் என்று எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவருக்கு மனசில்லை. அன்று முதல் 'நீங்க வாங்க'தான்.

அவர் கேட்ட நேரம் பார்த்து மிஷினில் தாள் மாட்டிக்கொண்டது, அவள் அதைப் பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது, கொடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள்.

கொடையில் என்னத்தைப் பார்ப்பது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். சில நேரம் காகிதம் முழுசாக வந்தது. சில நேரம் கிழிந்தது.

ஆடிக் கொடையும் வந்தது. சீரியல் லைட் போட்டு, கோயில் முன்னால் ஜனம் பாய் விரித்து உட்கார்ந்து, சாயங்காலமே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது பாட்டே அந்த ஜோடிப் பாட்டு. வெள்ளத்துரை கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கீபோர்டுக்காரர் கிடார் சத்தத்தை வைத்து, விரலைத் தயாராகக் கட்டை மேல் வைத்துக்கொண்டார். பாவம், அவர் மேல் குற்றம் இல்லை. சொன்னதைச் செய்கிறார்.

பல்லவி முடிந்தது. கோமதிநாயகம் பிட்டை எடுத்தார். எடுத்த அதே நொடியில் அடியில் ஓடிக்கொண்டிருந்த ரிதம் கிடார் நின்றுவிட்டது.

அவருக்குப் பகீரென்றது. எத்தனை வருஷமாக எத்தனை மேடையில் அந்தச் சத்தத்துக்கு மேல் ஏறி நின்றுகொண்டு வாசித்திருக்கிறார் என்பது அது இல்லாதபோதுதான் தெரிந்தது. இப்போது தபேலாவும் அவரும் மட்டும். ஒரு ஸ்வரம் பிசகினாலும் கடைசிப் பாய் வரைக்கும் கேட்கும். வாசிப்பை நிறுத்தாமலே திரும்பிப் பிலோமினாவைப் பார்த்தார்.

அவள் வலது கையை மடியில் வைத்திருந்தாள். இடது கை கிடாரின் கழுத்திலேயே இருந்தது. நாலு விரலும் அந்தந்தக் கம்பி மேல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒன்றும் அழுத்தவில்லை. ஒன்றும் எழும்பவும் இல்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. அவள் கண் அவருடைய விரல்களை விட்டு நகரவில்லை.

அதைப் பார்த்தாரே ஒழிய, அதற்குப் பிறகு அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. அவருடைய ஆள்காட்டி விரல் பிடியை விட்டது. நடுவிரலும் மோதிர விரலும் விட்டன. மூன்றும் கம்பி மேலேயே இருந்தன. சுண்டு விரல் தனியாக இறங்கியது, தனியாக எழுந்தது, மறுபடி இறங்கியது. பிட் தெளிவாக, நிதானமாக, கடைசி ஸ்வரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடைசி ஸ்வரத்தில் ரிதம் கிடார் வந்து சேர்ந்துகொண்டது, சரணம் ஆரம்பித்தது.

முன்வரிசையில் யாரோ ஒன்ஸ் மோர் கேட்டார்கள். வெள்ளத்துரை கீபோர்டுக்காரரின் தோளைத் தட்டி, வயலின் சத்தத்தை வைக்கச் சொன்னார். கோமதிநாயகத்தைப் பார்த்து ஒரு தலையாட்டு. அது போதும். அவர் வேலை அவருக்கே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

கச்சேரி முடிந்து கோயில் பின்னால் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். விழாக் கமிட்டியார் கோமதிநாயகத்துக்கு ஒரு பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு நேரே பிலோமினாவிடம் வந்தார். நின்றுகொண்டே சொன்னார்.

"உசிரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன் டீச்சர். இதைத் தவிர எனக்கு வேற ஒரு தொழிலும் தெரியாது. அது இன்னைக்கு என் கையில இருக்குன்னா, நீங்க குடுத்தது."

பொன்னாடையை விரித்து அவள் தோளில் போட்டார். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இத்தனை வருஷம் அடியில் நீங்கள் வாசித்தது என் காதில் ஏறவே இல்லையே என்று சொல்லி அவர் வருத்தப்பட்டார். அதெல்லாம் ஒன்றும் இல்லை, சோறு ஆறுகிறது, உட்காருங்கள் என்றாள். அவர் உட்கார்ந்தார். சாம்பாரை ஊற்றிப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. மனசுக்குள் ஒன்று கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"இருக்கிற ஒரு தொழிலே போயிருமோன்னு நான் பயந்து நடுங்கிக்கிட்டு இருக்கேன். அந்த நேரம் பாத்து நிறுத்திட்டீங்களே. நான் விழுந்திருந்தா?"

"வாசிக்கதைத்தான் நிறுத்துனேன். கையை எடுத்தேனா?"

அவர் யோசித்துப் பார்த்தார். மடியில் கிடந்த வலது கையும், கிடாரின் கழுத்தில் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த நாலு விரலும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"இல்ல. எடுக்கலை."

"நீங்க விழுந்தா பிடிக்கணும்லா."