ஆட்காட்டி நொண்டிய கதை

கீரியும் கவுதாரியும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், வற்றிப்போன ஏரி ஒன்றில் ஓர் ஆட்காட்டிப் பறவை குடியிருந்தாள். கூடு கட்டச் சோம்பல். வெறுந்தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு முட்டையிடுவாள். வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும்.

கீரியைக் கண்டால் போதும், முட்டைகளுக்கு நேர் மேலே பறந்து தொண்டை கிழியக் கத்துவாள். கீரியும் சத்தம் எங்கே அதிகமோ அங்கே வந்து முட்டைகளைத் தின்றுவிட்டுப் போகும். இரண்டு முறை இப்படியே போயிற்று. மூன்றாவது முறையாக நாலு முட்டை இட்டாள். மழை வந்து ஏரி நிரம்பினால் இடமிருக்காது. இவையும் போனால் அந்த வருடம் குஞ்சே இல்லை.

ஒரு காலையில் புதரோரம் கூண்டுக் கவுதாரி ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. வேடன் பழக்கி வைத்தது. அதன் குரலை நம்பி வந்த காட்டுக் கவுதாரிகள் கண்ணியில் மாட்டிக்கொண்டு துடித்தன.

"ஏய், உன் சாதி சனத்தையே புடிச்சுக் குடுக்குறியே, வெக்கமா இல்ல?" என்று சீறினாள் ஆட்காட்டி.

"வெக்கந்தான் அக்கா. கூவலைன்னா எனக்குத் தீனி இல்ல. நான் கூவினா எல்லாரும் என்னையே பாக்குறாங்க. காலடியில கெடக்குற கண்ணிய ஒருத்தரும் பாக்குறதில்ல."

ஆட்காட்டிக்குச் சுருக்கென்றது. 'அடப்பாவி, கீரிக்கு வழிகாட்டினதே நான்தானா!'

மறுநாள் கீரி வந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு முட்டைகளை விட்டுத் தள்ளி நடந்தாள். நூறடி போன பிறகுதான் கத்தினாள். ஓர் இறக்கையைத் தரையில் போட்டு இழுத்து இழுத்து நொண்டினாள். கரையில் நின்ற கொக்குகள் கெக்கலி கொட்டின. அந்த வீராப்புக்காரிக்கு அவமானம் தாங்கவில்லை. ஆனாலும் நொண்டினாள்.

"முட்டை எதுக்கு, இன்னிக்குக் கறியே கெடைக்குதே!" என்று கீரி சப்புக்கொட்டிக்கொண்டு துரத்தியது. எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு வரவிட்டு நகர்ந்தாள், மறுபடி வரவிட்டு நகர்ந்தாள். மேட்டைத் தாண்டி ஓடைக்கு அப்பால் போனதும் விரித்தாள் பாருங்கள், இரண்டு இறக்கைகளையும்! கீரியின் வாயில் மண்தான் மிஞ்சியது.

நாலாம் நாள் நாலு குஞ்சுகளும் ஓடு உடைத்து ஓடின. பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனாள்.

அன்று பிடித்த பழக்கத்தை ஆட்காட்டிகள் இன்றுவரை விடவில்லை. உங்கள் முன்னாலும் ஒன்று நொண்டினால், பாவமென்று பின்னால் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே குனிந்து, காலை எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள்.