ஆயிரம் மழைக்கு அப்பால்

ஒரு காட்டில் செவத்தாயி என்றொரு மலையணில் இருந்தது, குழந்தைகளே. நல்ல அணில்தான். ஆனால், "ஐயோ பாவம், ஏமாந்துவிட்டாயே" என்று யாராவது சொன்னால் மட்டும் அதற்குப் பொறுக்காது.

பக்கத்து மரத்தில் அதன் தங்கை ராக்காயி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. எந்தக் கொட்டையானாலும் அக்கா கடித்துப் பார்த்து நல்லது என்று சொன்னால்தான் ராக்காயி வாயில் வைக்கும். அக்காவின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் காட்டில் மழை பிடித்தால் நாற்பது நாள் விடாது. அதற்காக அணில்கள் பொந்து நிறையக் கொட்டை சேர்த்து வைக்கும். அந்த வருஷமும் சேர்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மயில் ஒரு குகையில் காட்சி போட்டது. பெயர் ‘ஆயிரம் மழைக்கு அப்பால்’. ஆயிரம் வருஷம் கழித்துக் காடு எப்படி இருக்கும் என்று காட்டப் போகிறதாம்.

"உள்ளே போக என்ன கொடுக்க வேண்டும்?" என்று கேட்டது செவத்தாயி.

"அரைப் பொந்து கொட்டை. மின்மினி மட்டும் பத்தாயிரம் பிடித்து வந்திருக்கிறேன், தெரியுமா?" என்றது மயில்.

செவத்தாயி பாதிப் பொந்தைக் காலி செய்து கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தது.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பம் அமர்க்களம். இருட்டுக் குகையில் பத்தாயிரம் மின்மினியும் ஒரே நேரத்தில் மின்னின. கொடியில் தொங்கிய பெரிய சுரைக்குடுக்கை புகை கக்கிக்கொண்டு பறந்து வந்தது. மரங்கொத்திகள் டமடமவென்று தட்டின. குடுக்கைக்குள்ளிருந்து ஒரு வரையாடு குதித்து, "நேரம் இல்லை, கிளம்புங்கள்" என்றது.

ஆடு ஏறிக்கொள்ள, குடுக்கை கிளம்பியது. விழுந்தது. புகைந்தது. மறுபடியும் கிளம்பியது. செவத்தாயிக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த முள்ளம்பன்றியிடம், "அண்ணே, இந்த ஆடு எதற்காகப் போகிறது?" என்று மெல்லக் கேட்டது.

"உஸ். வெளிச்சத்தைப் பார்."

"பார்த்துவிட்டேன். யாரைத்தான் தேடுகிறது?"

"புகையைப் பார், தாயே" என்று முள்ளம்பன்றி கொட்டாவி விட்டது.

கடைசியில் ஆடு அழுதது. ஏன் அழுதது என்று குகையில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள். செவத்தாயியும் தட்டியது. ‘இதற்கா என் கொட்டையெல்லாம் போயிற்று’ என்று அதற்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்தால், அடுத்த காட்சிக்கு நிற்கும் வரிசையில் ராக்காயி.

"அக்கா, எப்படி இருந்தது? மழைக்கு வைத்த தீனி. நீ நல்லது என்றால்தான் கொடுப்பேன்."

உண்மை செவத்தாயியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பின்னால் நின்ற குரங்குகளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டன. உண்மையைச் சொன்னால் காடு முழுக்கச் சிரிக்காதா?

"பிரமாதம், போ" என்றது செவத்தாயி.

"கதை?"

"கதையா? அது ரொம்ப ஆழமடி. ஒரு தடவை பார்த்தால் பிடிபடாது."

"அப்படியா? அப்படியானால் இரண்டு தடவை பார்த்துவிடுகிறேன்" என்று ராக்காயி தன் முழுப் பொந்துக் கொட்டையையும் கொண்டுவந்து மயிலின் முன்னால் கொட்டியது. செவத்தாயி பார்த்துக்கொண்டே நின்றது. "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மழை பிடித்தது. எட்டாம் நாள், சொட்டச் சொட்ட நனைந்து, குட்டிகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு ராக்காயி அக்கா வீட்டுக்கு வந்தது.

"இரண்டு தடவை பார்த்தேன், அக்கா. ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத்தான் அவ்வளவு புத்தி இல்லை போலிருக்கிறது" என்றது அது. "இத்தனை நாள் இலையும் பட்டையும் கொடுத்து ஓட்டினேன். குட்டிகள் நேற்றிலிருந்து பட்டினி."

செவத்தாயி தன் பொந்தைப் பார்த்தது. இருந்தது பாதி, அதிலும் எட்டு நாள் தின்றாயிற்று. இனி அதை நான்கு வாய் தின்ன வேண்டும். மழை நிற்க இன்னும் முப்பத்திரண்டு நாள் இருந்தது.

"உனக்குப் புத்தி இல்லாமல் இல்லை, ராக்காயி. அதில் கதையே கிடையாது. எனக்கு அன்றைக்கே தெரியும்."

ராக்காயி குட்டிகள் இரண்டையும் துவட்டி முடித்தது.

"குகை வாசலில் வைத்தே சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றது.

நீதி: தான் ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்படுபவர், தன்னை நம்பியவரையும் ஏமாற்றிவிடுவார்.