மூன்றாவது பாட்டின் பாதியில்

இளம்பரிதி சினிமாவுக்குப் பாடாத பாடகன். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே வெளியிட்டுக்கொள்கிறவன். பெரம்பூரில் ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்குக் குரல் பயிற்சிக்குப் போய்வந்தான். டீச்சர் அவனைவிட நான்கு வயது சின்னவர். அதை இருவருமே பெரிதாக நினைத்ததில்லை.

முன்பு அவனும் தாமோதரனும் சேர்ந்து ‘இரட்டைவால்’ என்ற பெயரில் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். பாட்டு பரிதியுடையது. கிதாரும் தீர்ப்பும் தாமோவுடையது. பரிதி புதுப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினால் தாமோ கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். தலையசைத்தால் பாட்டு பிழைத்தது. புருவம் சுருங்கினால் பரிதி அதை மறுபடி தொடமாட்டான். ஒருநாள் தாமோ, “போதும்டா, எனக்கு அலுத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பரிதி தனியாகப் போட்ட முதல் ஆல்பம் முழுக்க அந்தக் கோபம்தான். கேட்டவர்கள் ஏதோ காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்டார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் காதில் மாட்டிக்கொண்டு அழுதார்கள். ஆல்பம் நன்றாக ஓடியது. பல மாதம் கழித்துத் தாமோவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

‘கேட்டேன். எல்லாம் என்னைப் பத்தித்தான்னு தெரியுது. நல்லா இருக்கு மச்சான்.’

பரிதி அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தான். கோபம் அன்றோடு வடிந்துபோனது.

இரண்டாவது ஆல்பத்துக்கு உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. பாட்டுகள் வந்தன. ஆனால் நல்ல பாட்டா என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பாடிக் காட்டினான். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடினான். ஒருவர் கொட்டாவி விட்டால் ஒரு சரணம் போயிற்று. இன்னொருவர் கைப்பேசியை எடுத்தால் தாளம் மாறியது. அவன் ஆல்பங்களையும் கச்சேரிகளையும் கவனித்துக்கொண்ட ஹசீனா, வெளியீட்டுத் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தாள். மூன்றாவது முறை மறுத்துவிட்டாள்.

“எழும்பூர்ல ஹால் சொல்லியாச்சு. டிக்கெட் வித்தாச்சு. சனிக்கிழமை மேடையில புதுப் பாட்டைப் பாடறீங்க, அன்னைக்கே ஆல்பத்தை விடறோம். இதுக்கு மேல என்னால பதில் சொல்ல முடியாது.”

அவன் நேராகப் பெரம்பூருக்குப் போனான். புதுப் பாட்டு அத்தனையையும் டீச்சர் எதிரில் பாடி முடித்தான். வியர்த்துக் கொட்டியது.

“டீச்சர், ஒரே ஒரு வார்த்தை. நல்லா இருக்கா, இல்லையா?”

“ரெண்டாவது பாட்டுல மூச்சைச் சீக்கிரமே விட்டுடறீங்க.”

“நான் அதைக் கேக்கலை.”

“நான் சொல்லித் தர்றது அதைத்தான்.”

“மூணு வருஷமா வர்றேன். ஒரு பாட்டையாவது நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? நல்லாயில்லைன்னாவது சொல்லியிருக்கீங்களா?”

டீச்சர் கீபோர்டை அணைத்தார். அவன் குரல் உயர்ந்தது.

“நீங்க சொன்னா போதும். வேற யார் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை. நீங்க சொல்லலைன்னா, சனிக்கிழமை பழைய ஆல்பத்தையே பாடிட்டு வந்துடுவேன். புதுசைத் தூக்கிப் போட்டுடுவேன். சும்மா மிரட்டலை டீச்சர்.”

அவன் மிரட்டவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. கீபோர்டின் மேல் துணியை இழுத்து மூடினார்.

“எனக்கு எங்க சீட்?”

“முதல் வரிசை.”

“நடுவுல வேண்டாம். ஓரமா, நீங்க நல்லா பார்க்கிற மாதிரி ஒண்ணு போடச் சொல்லுங்க. அங்க வந்து சொல்றேன்.”

தலையிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது அவனுக்கு. அன்றிரவு நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை சாயந்திரம் ஹால் நிறைந்துவிட்டது. உட்கார இடமில்லாதவர்கள் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். டீச்சர் சொன்னபடி முதல் வரிசை ஓரத்தில் இருந்தார். பரிதி மேடைக்கு வந்ததும் முதலில் அந்த நாற்காலியைத்தான் தேடினான்.

முதல் பாட்டு. டீச்சர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கைதட்டல் வந்தது. அது அவன் காதில் ஏறவில்லை.

இரண்டாவது பாட்டில் அவர் தலையை லேசாகச் சாய்த்தார். இழுக்கிறோமோ என்று அவனுக்குத் தோன்றியது. சட்டென்று வேகத்தைக் கூட்டினான். டிரம்ஸ் வாசித்தவன் தடுமாறி, முறைத்துக்கொண்டே பின்னால் ஓடிவந்து பிடித்தான். டீச்சர் தலையை நிமிர்த்தினார். மெதுவாகப் பாடியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றியது. உள்ளங்கை ஈரத்தில் மைக் வழுக்கியது.

மூன்றாவது, அவன் அதிகமாக வெட்டி ஒட்டிய பாட்டு. நீளமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னதால் கடைசிச் சரணத்தையே எடுத்துவிட்டிருந்தான். பாதி வந்திருக்கும். டீச்சர் மடியிலிருந்த கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பக்கத்து வழியாக நடந்தார். கதவைத் திறந்ததும் வெளி விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. கதவு மூடிக்கொண்டது. கோடு போய்விட்டது.

அவனுக்கு அடுத்த வரி மறந்துவிட்டது.

பின்னால் வாசித்தவர்கள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஏதோ புதுமை என்று நினைத்துக் கூட்டம் முதலில் பொறுத்துக்கொண்டது. பிறகு யாரோ இருமினார்கள். மேடை ஓரத்தில் நின்ற ஹசீனா, பழைய பாட்டுக்குப் போ என்று கையைக் காட்டினாள். முதல் ஆல்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு ஒன்று இருந்தது. எடுத்தால் கூட்டமே பாடிவிடும். அவன் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

டீச்சர் விட்டுப்போன நாற்காலியைப் பார்த்தான். பின்சுவரோரம் நின்றிருந்த ஒரு பெண், காலி இடம் கிடைத்த சந்தோஷத்தில் குனிந்து ஓடிவந்து அதில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்கு எது பிடிக்கும் என்றும் தெரியாது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மறந்துபோன வரி வரவில்லை. வெட்டி எறிந்திருந்த கடைசிச் சரணம்தான் வந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்த சரணம் அது. அப்போது வீட்டில் யாரும் இல்லை. அதைப் பாடினான். டிரம்ஸ்காரன் ஒரு சுற்று விட்டுப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் அவனைத் தொடர்ந்தார்கள்.

பழைய பாட்டுக்கு அவன் போகவில்லை. புதிய பாட்டுகளை வரிசையாகப் பாடினான். ஒன்றுக்குப் பலத்த கைதட்டல். இன்னொன்று முடிந்தபோது வெகுநேரம் யாரும் தட்டவில்லை. நடுவில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவன் பார்த்தான். பாட்டை மாற்றவில்லை.

முடிந்ததும் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினான். வராந்தாவில், கதவை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

“அத்தனை பேர் நடுவுல எழுந்து போறீங்களே டீச்சர், நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“பிடிக்கலைன்னா வீட்லயே சொல்லியிருக்கலாம். நான் மேடையே ஏறியிருக்க மாட்டேன்.”

“பிடிக்கலைன்னு யார் சொன்னாங்க?”



“அப்போ பிடிச்சுதா?”

“இன்னைக்குப் பாதிதானே கேட்டேன்.”

“மீதி? இங்கேயே உட்கார்ந்து கேட்டீங்க இல்ல?”

“கதவு ரொம்பக் கனம். வெளியே ஒரு வார்த்தை கேக்கலை.”

அவன் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“அங்க வந்து சொல்றேன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மேடை ஏறினேன். கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லை.”

டீச்சர் எழுந்து கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். வலது உள்ளங்கை சிவந்திருந்தது. நெடுநேரம் எதையோ அழுத்திக்கொண்டிருந்த தடம் அதில் தெரிந்தது. அதை இன்னொரு கையால் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

“கதவுல கையை வச்சுக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தேன் பரிதி. அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த அதிர்வு நின்னுபோயிருந்தா உள்ள வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.”